உக்ரைன் ஸ்பீட்வே வீரர்கள் ஏன் போலந்துக்குப் போகிறார்கள்?

அன்புள்ள ஐயா,

ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். உக்ரைன் வீரர்கள் எல்லோரும் போலந்துக் கிளப்புகளுக்கே போவது பணத்துக்காக மட்டும்தானா? நாலே சுற்று, பிரேக் இல்லாத வண்டி. இதில் ஒருவர் மற்றவரை விட எப்படி மேலாகிறார்?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

பணம் உண்டுதான். ஆனால் இளம் வீரருக்கு அதைவிட முக்கியம் அணியில் ஓர் இடம். போலந்தின் முதல்நிலை ஸ்பீட்வே லீக்கான எக்ஸ்ட்ராலீகாவில் நெடுங்காலமாக இருந்த விதிப்படி, ஒவ்வோர் அணியும் 21 வயதுக்குட்பட்ட இருவரை இறக்க வேண்டும்; அந்த இடங்கள் போலந்து உரிமம் உள்ளவர்களுக்கே. உக்ரைனின் ரிவ்னே நகரத்து விக்தர் திரொஃபிமோவ் போலந்து உரிமம் எடுத்ததால்தான் லூப்ளின் அணியில் ஜூனியராக ஓட முடிந்தது. சோவியத் அணிக்கு ஓடிய அவருடைய தாத்தாவுக்கும் அதே பெயர். 2021-ல் 24 வயதுக்குட்பட்டவருக்கு என்று ஓர் இடம் வந்தது. அதற்கு எந்த நாட்டவரும் வரலாம். லெஷ்னோ அணியின் நசார் பர்னித்ஸ்கி போன்ற உக்ரைனியருக்கு இது பெரிய வாசல்.

திறமைக்கு வருவோம். வண்டி 500 சிசி, ஒற்றை சிலிண்டர், ஒரே கியர், எரிபொருள் மெத்தனால். தொடக்கக் கோட்டின் குறுக்கே கட்டிய கயிறு மேலே எழும்பியதும் கிளட்சைச் சட்டென்று விட்டால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். தயங்கி விட்டால் மற்ற மூவரும் முதல் வளைவின் உள்வரிசையைப் பிடித்துவிடுவார்கள். அப்புறம் கண்ணில் தெரிவதெல்லாம் அவர்கள் வாரியடிக்கும் மண்தான். முதல் முப்பது மீட்டரில் பாதிப் பந்தயம் முடிந்துவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

மீதிப் பாதி, வண்டிகளைச் சரிசெய்யும் இடமான பிட்டில் நடக்கிறது. ஈரமான, பிடிப்புள்ள தடத்தில் இன்ஜின் திணறும். பின்சக்கரத்துச் செயின் மாட்டும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டுவார்கள். காய்ந்து வழுக்கும்போது ஒரு பல் குறைப்பார்கள், இல்லாவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். தண்ணீர் வண்டி ஒரு முறை தடத்தைச் சுற்றி வந்தாலே கணக்கு மாறிவிடும். அதை முதல் ஹீட்டிலேயே (நால்வர் ஓடும் ஒரு நாலு சுற்று ஓட்டம்) உணர்ந்து மெக்கானிக்கிடம் சொல்லத் தெரிந்தவர்தான் தேறுகிறார். போட்டி முடிந்ததும் கார்புரேட்டரில் மிஞ்சிய மெத்தனாலை வடித்துவிட வேண்டும். அது ஈரத்தை உறிஞ்சி உலோகத்தை அரித்துவிடும். மெத்தனால் தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுடரே தெரியாது என்பதால் பிட்டில் எல்லோரும் மிகுந்த கவனமாக இருப்பார்கள்.

பிரேக் இல்லாதது நீங்கள் நினைப்பது போல் ஆபத்து அல்ல. முன்னே போகிறவர் திடீரென்று வேகம் குறைத்தால்தான் பின்னால் வருபவர் மோதுவார். இடது பூட்ஸில் மாட்டிய எஃகுத் தகடு தரையில் உரச, பின்சக்கரத்தை வெளியே சறுக்கவிட்டுத்தான் வளைவில் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். விழுந்தால் வலது மணிக்கட்டில் கட்டிய கயிறு இன்ஜினை நிறுத்திவிடும்.

வண்டி, மெக்கானிக், வேன் எல்லாம் வீரரின் சொந்தச் செலவு. ஹீட்டில் முதலிடத்துக்கு மூன்று புள்ளி, பிறகு இரண்டு, ஒன்று, கடைசிக்குச் சுழி. கிளப் தரும் பணத்தில் பெரும்பங்கு இந்தப் புள்ளிக் கணக்கில்தான் வருகிறது. புள்ளி குறைந்தால் இன்ஜினைப் பிரித்துச் செப்பனிடப் பணம் இருக்காது. தேய்ந்த இன்ஜினில் புள்ளி இன்னும் குறையும். கிளப் இடம் இல்லாத இளைஞர்கள் பலர் இந்தச் சுழலில்தான் ஓட்டத்தை விடுகிறார்கள்.

அன்புடன்.