வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டால்

அண்ணா, கேரளத்தின் சித்தூர்-தத்தமங்கலம் நகராட்சியில் உங்கள் வார்டு பெண்கள் வார்டாகிவிட்டது, பக்கத்து வார்டில் நிற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக நிற்கலாம். நகராட்சியின் ஏதாவது ஒரு வார்டு வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் போதும். முன்மொழிபவர் மட்டும் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். கேரளத்தில் நகராட்சி வேட்பாளருக்குச் செலவு வரம்பு 75,000 ரூபாய். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கைக் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் புது வார்டுக்காரர்களுக்கு உங்களைத் தெரியாதே! என் சித்தப்பா இப்படி வார்டு மாறி நின்றபோது, முதல் வாரம் நோட்டீசே கொடுக்கவில்லை. காலை ஆறு மணிக்குக் குழாயடியில் போய் நிற்பார். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் எப்போது நிற்கிறது என்று பாக்கெட் நோட்டில் குறித்துக்கொள்வார். அப்புறம் நோட்டீஸ் அடித்தார், தமிழிலும் மலையாளத்திலும்.

பழைய வார்டு ஆட்களிடமும் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள் அண்ணா.