திடகாத்திரம்னா பெரிய உடம்புன்னு அர்த்தமா?

"திடகாத்திரமான ஆள்னா நல்லா பெரிய சைஸ் ஆளா?"ன்னு கேட்டிருக்கீங்க. இல்லங்க. போன மாசம் என் பொண்ணுக்கும் இதே சந்தேகம் வந்துச்சு.

நாங்க பெங்களூர் அல்சூர்ல இருக்கோம். அம்மா ஊர்ல இருக்கற சித்திகிட்ட போன்ல அப்பாவ பத்தி "அவருக்கென்ன, திடகாத்திரமா இருக்காரு"ன்னு சொல்லிட்டிருந்தாங்க, இவ உடனே "பாட்டி, தாத்தா ஒல்லியாத்தானே இருக்காரு"ன்னா. அவ மேல தப்பில்ல, ஸ்கூல்ல கன்னடம் படிக்கறா, கன்னடத்துல காத்ரன்னா சைஸ். ரெண்டும் ஒரே சமஸ்கிருத வார்த்தைதான், மூலத்துல காத்ரன்னா உடம்பு, கன்னடத்துல அது அளவுங்கற அர்த்தத்துக்குப் போயிடுச்சு, நம்ம திடகாத்திரத்துல பழைய உடம்பாவே நின்னுடுச்சு. சங்கீதத்துல மனுஷக் குரல காத்ர வீணைன்னு சொல்றதும் இதே காத்ரதான். மனசு திடமா இருக்குன்னு சொல்றோம்ல, அந்த திடத்த முன்னாடி சேத்தா உறுதியான உடம்பு, அவ்ளோதான்.

அப்பாவுக்கு வயசு 76. கே.ஆர். மார்க்கெட்ல பல வருஷம் காய்கறி மூட்டை தூக்கினவரு. கழுத்தெலும்பு துருத்திட்டு தெரியும், ஆனா இன்னிக்கும் 20 லிட்டர் தண்ணி கேன தோள்ல வெச்சுகிட்டு ரெண்டு மாடி நடுவுல நிக்காம ஏறுவாரு, கேன இறக்கி வெச்ச கையோட சாதாரணமா பேச ஆரம்பிப்பாரு, மூச்சு வாங்காது. இந்த உடம்புக்குத்தான் அந்த வார்த்தை.

உயரமும் அகலமுமா இருந்தா வாட்டசாட்டம். ஜிம்முக்குப் போயி தசை முறுக்கேறி இருந்தா கட்டுமஸ்து. ஆஜானுபாகுன்னா முழங்கால் வரைக்கும் கை நீண்டவர்னு நேர் அர்த்தம், இப்ப பெரிய ஆகிருதிக்கு சொல்றோம். இதெல்லாம் பாத்தவுடனே தெரியற விஷயம், திடகாத்திரம் வேல செய்யறப்பதான் தெரியும். அதனாலதான் "80 வயசுலயும் திடகாத்திரமா இருக்காரு"ன்னு பெரியவங்களுக்கு அதிகமா சொல்றோம், கைக்குழந்தைக்கு யாரும் சொல்றதில்ல, அதுக்கு கொழுகொழுன்னுதான். காத்திரம் தனியாவும் வரும், ஆழமா எழுதின கட்டுரைய காத்திரமான கட்டுரைம்பாங்க.

இவ்ளோ சொல்லியும் பொண்ணு முழிச்சா. "கட்டிமுட்டு"ன்னு கன்னடத்துல சொன்னேன், சட்டுன்னு பிடிச்சுகிட்டா. பக்கத்து வீட்டு அஜ்ஜி தெனமும் தாத்தாவ அப்படித்தான் சொல்றாங்களாம்.