ஹைவே லாங் ரைடுக்கு பைக் ஸ்ப்ராக்கெட் மாத்தணுமா, எத்தனை பல் போடணும்?

ஸ்ப்ராக்கெட்னா செயின் ஓடுற பல்சக்கரம், எஞ்சின் பக்கம் சின்னது ஒண்ணு பின் வீல்ல பெருசு ஒண்ணு. பின் பல்லை முன் பல்லால வகுத்தா வர்றதுதான் ரேஷியோ, அதாவது பின் வீல் ஒரு சுத்து சுத்த சின்னது எத்தனை சுத்து சுத்தணும்ங்கிற கணக்கு. முன்னாடி 14 பின்னாடி 42ன்னா 3, முன்னாடி மட்டும் 15 ஆக்கினா 2.8, அப்போ டாப் கியர்ல 6000 ஆர்பிஎம்ல (எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுங்கிற கணக்கு) போன அதே வேகத்துக்கு இப்ப 5600 போதும், அதனால எஞ்சின் சத்தமும் அதிர்வும் அடங்கும், மணிக்கணக்கா ஓட்டினாலும் கை அவ்வளவா மரத்துப்போகாது.

எட்டி எட்டி கால் வெச்சு நடக்கிற மாதிரிதான் இது, சமதரையில குறைஞ்ச அடியில தூரம் போயிடலாம், ஆனா மேட்டுல மூட்டையோட அப்படி நடந்தா மூச்சு வாங்கும். பின்னாடி ஆள், லக்கேஜ், மலைரோடுன்னு உங்க ரைடு இருந்தா தயவுசெஞ்சு கம்பெனி செட்டப்பையே வெச்சுக்கோங்க, கிளட்ச்சுக்கும் அதுதான் நல்லது.

மாத்தியே ஆகணும்னா முன்னாடி ஒரே ஒரு பல் மட்டும் கூட்டுங்க, அதுவே பின்னாடி கிட்டத்தட்ட மூணு பல் குறைக்கிறதுக்கு சமம். கவர்ல உரசுதா, செயின் நீளம் பத்துதான்னு கட்டாயம் பாருங்க. சில பைக்ல ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸ்ல இருந்து ரீடிங் எடுக்கும், அதுல நிஜ வேகத்தைவிட கம்மியா காட்டும், ரொம்ப கவனம்.

முன் ஸ்ப்ராக்கெட் பெருசானா டாப் ஸ்பீடு தானா ஏறும்னு நிறைய பேர் நம்புறாங்க, பவர் கொஞ்சம்கூட கூடுறதில்ல, சின்ன எஞ்சின்ல எதிர்காத்தைத் தள்ள முடியாம டாப் கியர்ல வேகம் குறையக்கூட செய்யும்.