மூன்று முடிச்சில் உங்கள் பங்கு: மணவறையில் உடன் நிற்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் சொந்தத்தில் கல்யாணம் என்றால் மணவறைப் பக்கம் நிற்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் பதில் சொல்கிறேன். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி முறை மாறும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்குக் கல்யாணம். நாத்தனார் முடிச்சு நான்தான் போட வேண்டுமாம். பயமாக இருக்கிறது. (திருச்சியிலிருந்து ஒரு தங்கை)

பயம் வேண்டாம்மா. ஆனால் முன்கூட்டியே பழகிக்கொள். சில வீடுகளில் முதல் முடிச்சு மட்டும் மாப்பிள்ளை, மற்ற இரண்டும் நாத்தனார். சில வீடுகளில் மூன்றாவது மட்டும்தான் உனக்கு. இதை முதலில் கேட்டு வைத்துக்கொள்.

கெட்டிமேளம் கொட்டிவிட்டால் பக்கத்தில் பேசுவதுகூடக் காதில் விழாது. அட்சதை தலைமேல் விழும், கேமராக்காரர் குனிந்து மறைப்பார். அதனால் அண்ணனிடம் இப்போதே சொல்லிவிடு: "நான் கயிற்றைப் பிடித்த பிறகுதான் நீ கையை எடுக்கணும்." புதுக் கயிறு விரலில் வழுக்கும். மஞ்சள் தடவிய கயிறு ஒன்றை வாங்கி, வீட்டில் யார் கழுத்திலாவது பத்துத் தடவை பின்பக்கமாக நின்று முடிச்சுப் போட்டுப் பார்.

அடுத்தது பூச்சடை. தாலி கட்டும் நேரத்தில் சடையையும் மாலையையும் தூக்கிப் பிடிக்க இன்னொரு பெண் வேண்டும். அது யார் என்று முதல் நாளே முடிவு செய்துவிடு. நாத்தனார் விளக்கும் உன் கையில்தான் என்றால், முடிச்சுக்கு முன்னால் அதை வேறொருவரிடம் கொடுத்துவிடு. பட்டுப் புடவைக்குப் பக்கத்தில் சுடர் இருக்கக் கூடாது.

அக்கா கல்யாணத்தில் என்னை மாப்பிள்ளைத் தோழனாக நிற்கச் சொல்கிறார்கள். என்ன வேலை? (சேலத்திலிருந்து ஒரு தம்பி)

பல வீடுகளில் பெண்ணின் தம்பியோ அண்ணனோதான் மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வருவாய். மோதிரம் போடும் வழக்கமும் உண்டு. பொரியிடும் சடங்கு இருந்தால், அக்கா குவித்த கையில் பொரியை அள்ளிப் போடுவது உன் உரிமை. அக்கா அதை அக்கினியில் இடுவாள். அந்த இடத்தில் எனக்கு எப்போதும் கண் கலங்கும்.

சடங்கு தவிர்த்து, மாப்பிள்ளையின் போன், பர்ஸ், செருப்பு எல்லாம் உன் பொறுப்பு. அவர் காலையில் ஏதாவது சாப்பிட்டாரா என்று கேள். புகையில் கண் எரியும், கைக்குட்டை நீட்டு. உடன்பிறந்தவன் இல்லாத வீட்டில் சித்தப்பா, பெரியப்பா மகன் நிற்பான்.

எங்களுடையது சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, சடங்கு இல்லை. நண்பர்களுக்கு வேலை உண்டா? (ஈரோட்டிலிருந்து ஒரு மணமகள்)

உண்டு, பெரிய வேலை. 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு வந்தது. உற்றார், நண்பர்கள் முன்னிலையில், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகப் புரியும் மொழியில் சொல்லலாம். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம், தாலி கட்டலாம். இவற்றில் எதைச் செய்தாலும் திருமணம் செல்லும். ஆக, முன்னால் நிற்பவர்கள்தான் சாட்சி. 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், அங்கேயும் சாட்சிக் கையெழுத்து வேண்டும். அடையாள அட்டையோடு நேரத்துக்கு வருகிற இரண்டு பேரை இப்போதே பிடித்து வையுங்கள்.

மொய் எழுத உட்காரச் சொல்கிறார்கள்.

தனியாக உட்காராதீர்கள். ஒருவர் எழுத, ஒருவர் எண்ணிப் பையில் போட வேண்டும். ஊர், இனிஷியல், பெயர், தொகை என்று தெளிவாக எழுதுங்கள். நாளை திருப்பிச் செய்யும்போது அந்த நோட்டைத்தான் புரட்டுவார்கள். பந்திக்கு மாறி மாறிப் போங்கள்.

என் கணவர் தவறி நான்கு வருடம் ஆகிறது. "அக்கா, நீதான் முடிச்சுப் போடணும்" என்கிறான் தம்பி. நான் ஒதுங்கிவிடட்டுமா? (மதுரையிலிருந்து ஒரு அக்கா)

ஒதுங்காதீர்கள். அவனைத் தூக்கி வளர்த்த கை உங்களுடையது. கணவர் போனதால் அக்கா என்கிற உறவு போய்விடவில்லை. யார் முகம் சுளிப்பார்கள் என்று யோசிக்கிறீர்கள், தெரிகிறது. அதைப் பேச வேண்டியவன் உங்கள் தம்பி. பெண் வீட்டாரிடம் அவன் இந்த வாரமே பேசட்டும், மணவறையில் வைத்துப் பேச்சு வேண்டாம். என் சின்ன நாத்தனார் இதே நிலையில் தன் தம்பிக்கு முடிச்சுப் போட்டாள். வந்த பெண் முதலில் விழுந்து கும்பிட்டது அவள் காலில்தான். நல்ல பட்டாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், முதல் நாள் மாலையே மண்டபத்துக்குப் போய்விடுங்கள்.