பக்கத்து வயலுக்கு மூன்று மூட்டை, எனக்கு எத்தனை?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் சம்பாவுக்கு வெள்ளைப் பொன்னி நெல் நட்டிருக்கிறேன். அடியுரமாக ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி உரம் போட்டாச்சு. பக்கத்து வயல்காரர் சிஆர் 1009 நெல் ரகத்துக்கு மூன்று மூட்டை யூரியா போடுகிறார், பயிர் கருகருவென்று நிற்கிறது. என் பயிர் வெளிறித் தெரிகிறது. நானும் அதே அளவு போடட்டுமா?

பதில்: வேண்டாம். அவருடைய ரகம் அதைத் தாங்கும், உங்களுடையது தாங்காது. சிஆர் 1009 மாதிரி ரகங்களுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை எக்டருக்கு 150 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), வெள்ளைப் பொன்னிக்கு அதில் பாதி, 75 கிலோதான். ஏக்கருக்கு 30 கிலோ. நீங்கள் போட்ட டிஏபியிலேயே 9 கிலோ தழைச்சத்து போயாச்சு. மிச்சம் 21 கிலோவுக்கு 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றே போதும், அதையும் ஒரே தடவையில் கொட்டாமல் தூர் கட்டும்போதும் கதிர் உருவாகும்போதும் பிரித்துப் போடுங்கள். மண் பரிசோதனை அட்டை இருந்தால் அதில் உள்ள அளவையே எடுத்துக்கொள்ளலாம்.

யூரியா போட்ட சில நாளிலேயே பச்சை கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது, அதனால்தான் எல்லோருக்கும் அதன் மேல் அவ்வளவு நம்பிக்கை. ஆனால் வெள்ளைப் பொன்னி உயரமான பயிர், தழைச்சத்து கூடினால் மழையில் சாய்ந்துவிடும், இலைச்சுருட்டுப் புழுவும் புகையான் பூச்சியும் குலை நோயும் தேடி வரும், அப்புறம் மருந்துச் செலவு தனி.

வெளிறல் நிஜமா என்று பார்க்க, எண் போட்ட பச்சை நிறப் பட்டைகள் உள்ள இலை வண்ண அட்டை இருக்கிறது, வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள். நட்ட 14ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒரு முறை, காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், வெயில் நேராகப் படாமல் உங்கள் நிழலில் வைத்து, பத்துக் குத்தில் முழுதாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிடுங்கள். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் 3-க்குக் கீழே இருந்தால் மட்டும் யூரியா. மற்ற ரகங்களுக்கு இந்த எண் 4, வெள்ளைப் பொன்னியின் நிறமே கொஞ்சம் வெளிர்தான், பக்கத்து வயலோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள்.

இலையில் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளி இருந்தால் அது பெரும்பாலும் துத்தநாகக் குறை, எத்தனை மூட்டை யூரியா போட்டாலும் தீராது. ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ காய்ந்த மணலில் கலந்து தூவுங்கள், டிஏபியோடு மட்டும் சேர்க்காதீர்கள்.