நவம்பரில் மட்டக்களப்புப் பயணம்: மாதத்தை மாற்றுங்கள்

வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து வயதான பெற்றோருடன் நவம்பர் கடைசியில் இங்கு வந்து, பாசிக்குடாக் கடற்கரையில் குளித்து, கோயில்களையும் முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடியையும் பார்க்க விரும்புவதாகவும், ஊராரின் மனம் கோணாமல் நடந்துகொள்வது எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள்.

முதலில் மாதத்தை மாற்றுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழைக் காலம். வாவி (கடலோடு சேரும் ஏரி) பெருகித் தாழ்வான வீதிகளில் ஏறினால் பெற்றோர் அறையிலேயே முடங்க நேரிடும். நவம்பர் 27 வேறு, போரில் மாண்ட பிள்ளைகளுக்காகப் பல குடும்பங்கள் விளக்கேற்றும் நாள். யாரேனும் தாமாகப் பேசினால் கேளுங்கள். நீங்களாகக் கிளற வேண்டாம்.

வைகாசியில் வந்தால், கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து, பொங்கி, அம்மனின் சினம் தணிக்கும் குளிர்த்தி பாடிச் சடங்கை நிறைவு செய்வதை நேரிலேயே காணலாம். (என்னைக் கேட்டால், பாசிக்குடாவைவிட இதற்காகவே வரலாம்.) அந்நாட்களில் பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) சமைப்பதில்லை என்பதால், வீட்டோடு சேர்ந்த விடுதியில் தங்கினால் மீன்குழம்பு கேட்குமுன் விசாரியுங்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டிய கோயில்களும் உண்டு. அப்பாவுக்கு வேட்டி எடுத்து வாருங்கள். படம் எடுப்பதானால் கோயிலாரிடம் கேட்டுவிட்டே எடுங்கள்.

காத்தான்குடியில் தோளும் முழங்காலும் மறையும் உடை போதும். வெள்ளி நண்பகல் ஜும்ஆ நேரத்தைத் தவிருங்கள். 1990இல் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட மீரா ஜும்ஆப் பள்ளிவாசலில் குண்டு துளைத்த தடங்களை இன்றும் காணலாம். அங்கே செல்ஃபி கூடவே கூடாது.

பாசிக்குடாவில் வெகுதூரம் ஆழமில்லை, பெற்றோரும் இறங்கலாம். ஈர உடையோடு ஊருக்குள் வராதிருந்தால் சரி. விசா அனுமதியைப் புறப்படுமுன் இணையத்தில் பெற்றுவிடுங்கள்.