பனிப்பொழிவைக் கண்டிராத பிள்ளைகளுக்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது?

தயவுசெய்து பஞ்சு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீங்களும் எங்களைப்போல வெயில் ஊரில்தான் இருப்பீர்கள், வெளிநாட்டு வீடியோ கோலைப் பார்த்துவிட்டுப் பிள்ளை கேட்டிருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா தை மாதத்தில் கோல் எடுத்தால் முதல் பேச்சே ஸ்நோ வழித்து முதுகு போன கதைதான். இங்கே பள்ளிக்கூடத்தில் ஒளிவிழாவுக்கு ரெஜிபோமை உரசி மேடையெல்லாம் தூவி, ஸ்நோ பஞ்சு மாதிரி இருக்கும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சின்னவள் என்னைக் கேட்டாள்: "பஞ்செண்டால் பெரியப்பாவுக்கு ஏனப்பா முதுகு நோகுது?"

நியாயமான கேள்வி. எங்களிடம் இருப்பது பழைய பிரிட்ஜ். மேல்பெட்டியில் ஐஸ் பிடித்து மீன் பை சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அந்த வெள்ளையைக் கரண்டியால் சுரண்டி அவள் கையில் வைத்தேன். விரல் சிவந்து, தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. "இதுக்குள்ள ஆர் தண்ணி ஊத்தினது?" என்றேன். ஒருவரும் இல்லை. கதவு திறக்கும்போது உள்ளே போகும் நீராவிதான் அப்படியே ஐஸாகப் படிகிறது. முகிலுக்குள்ளும் ஒரு தூசியைப் பிடித்துக்கொண்டு நீராவி படியப் படிய ஆறு மூலைப் பளிங்கு வளரும். யப்பானில் நக்காயா உக்கிச்சிரோ என்பவர் 1936இல் ஆய்வுகூடத்திலேயே, முயல் மயிரில் அப்படி ஒன்றை வளர்த்துக் காட்டினார். முயல் என்றதும் சின்னவளுக்கு முதுகுக் கதை மறந்துபோனது.

நான் மறக்கவில்லை. புதிதாக விழுந்த பனி பெரும்பாலும் காற்றுத்தான். 10 சென்ரிமீற்றரை உருக்கினால் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் தண்ணீர் வரும். அப்படியிருந்தும் ஒரு கன மீற்றர் 100 கிலோ அளவு பாரம். ஈரமாகி இறுகினால் அதில் மூன்று மடங்குகூட வரும். அதை வாசலில் இருந்து வழித்தால் முதுகு நோகாமல் என்ன செய்யும்?

அண்ணா படும் பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஸ்நோ கதை முடிந்த கையோடு அப்பாவின் காணி உறுதி யாரிடம் என்று தொடங்குவார். வேலி அடைப்பதும் கிணறு இறைப்பதும் சோலைவரி கட்டுவதும் யாராம்? சரி, அது இந்தக் கேள்விக்குள் வராது.

விஞ்ஞான ஆசிரியர்கள் சண்டைக்கு வரமுன் சொல்லிவிடுகிறேன்: பிரிட்ஜில் படிவது உறைபனி, முகிலில் இருந்து விழுவது வேறு என்பது எனக்கும் தெரியும். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு அவ்வளவு போதும்.

இன்னொன்றும் சொல்லுங்கள். எங்கள் தலைக்கு மேலேயும் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் உயரத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்கு இறங்கிவிடும். இடிமுகில் அதையும் தாண்டி வளரும். அங்கே உண்டாகும் பனிதான் விழும் வழியில் உருகி எங்கள் முற்றத்தில் மழையாகக் கொட்டுகிறது. இதை மட்டும் கார்த்திகை மழை நேரம் பார்த்துச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் சொன்னால் ஒரு பிள்ளையும் நம்பாது.